ஜன்னல் வேர்க்கும் வீடு

நவம்பர் 9, ஞாயிறு

அமலிக்கு மூச்சு இழுப்பு எந்த நாளில் வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது என்று எழுதி வைக்கும்படி குழந்தைகள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இந்த டைரி. பகல் முழுக்க மருந்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்து அட்டைகளில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதுகிறேன். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் நீளமாக எழுதத் தோன்றுகிறது.

கோத்தகிரிக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இங்குள்ள அரசு மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். அமலி இரண்டாம் வகுப்பு. தூத்துக்குடியிலிருந்து இத்தனை தூரம் எதற்கு மாறுதல் கேட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். காலியிடம் இங்கேதான் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

வீடு ஆல்துரை சாருடையது. ஒரே பழைய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறார். இடது பாதி எங்களுக்கு. வலது பாதி பூட்டிக் கிடக்கிறது. சாரும் அவர் மனைவியும் மேட்டில் தனி வீட்டில் இருக்கிறார்கள். வந்த அன்றைக்கே ஒரு கூடை காரட் கொடுத்தனுப்பினார்கள். நன்றி சொல்லப் போனால், "நன்றியெல்லாம் எதுக்கும்மா, தோட்டத்துல கிடக்கு" என்றார்.

இன்று இழுப்பு இரண்டு முறை. காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் வழிந்து கட்டையில் தேங்கியிருந்தது. அமலி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜன்னலுக்கு வேர்க்குதும்மா" என்றாள்.

நவம்பர் 12, புதன்

விடாத மழை. துணி காயவே இல்லை. முன்னறையில் குறுக்கே இரண்டு கயிறு கட்டி எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுவிட்டேன்.

ஜன்னல் இடுக்குகளில் குளிர் வருகிறது. பழைய புடவையைக் கிழித்துச் சுருட்டி எல்லா இடுக்கிலும் திணித்தேன். அடுப்படியில் மேலே ஒரு சின்னத் திறப்பு இருந்தது. அதையும் அட்டை வைத்து அடைத்தேன். இப்போது வீடு டப்பா மாதிரி இறுக்கமாக இருக்கிறது. ஜன்னலை அடைத்து வைப்பது எனக்குப் பழக்கம்தான். தூத்துக்குடியில் அந்த வெக்கையிலும் சாத்தியே வைத்திருப்பேன். அது வேறு காரணம்.

சாயங்காலம் அமலிக்கு ஆவி பிடிக்கவைத்தேன். பாத்திரத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தால் அறையும் சூடாகிறது. நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போக அமலியின் வெள்ளைக் கவுனை எடுத்தேன். ஒரு வாடை. கீழ் ஓரத்தில் பூஞ்சை படிந்து சாம்பல் பூத்திருந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் கை அகலத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். நெருக்கமாக, மிளகைத் தூவினாற்போல. தோல் செருப்பிலும் பச்சையாகப் பூத்திருக்கிறது.

ஆல்துரை சார் உடனே ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். ஓட்டில் ஒழுகி இறங்குகிறது என்று கொத்தனார் கூரையில் தார் பூசிவிட்டுப் போனார். மழையிலும் ஏறிச் செய்தாரே என்று இருந்தது. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

குளிருக்கு இடது காது மறுபடி அடைத்துக்கொள்கிறது. பழைய பிரச்சினைதான்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை நின்று ஐந்தாறு நாள் ஆகிறது. தார் பூசியும் ஆயிற்று. சுவர் ஈரம் குறையவில்லை. கறுப்பு கட்டில் தலைமாடு வரை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடியும்போது அமலியின் விலா எலும்பு உள்வாங்கி உள்வாங்கி மேலேறியது. சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெபுலைசர் வைத்தார்கள். அரை மணியில் தெளிந்தாள். பணியில் இருந்த நர்ஸ், "நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா" என்று தன் டீயை எனக்குக் கொடுத்துவிட்டார். அவர் பெயர் கேட்கக்கூட மறந்துவிட்டேன். திங்கள்கிழமை கேட்க வேண்டும்.

இன்று அமலியின் அப்பா போன் செய்தார். முதலில் அமலியிடம் பேசினார். அவள் ஆஸ்பத்திரிக் கதையை உளறிவிட்டாள். பிறகு என்னிடம், "அந்தக் குளிருல வச்சுப் பிள்ளையக் கொல்லப் போறியா? பேசாமக் கொண்டாந்து இங்க விடு. நீ வேணா அங்கயே கிட" என்றார்.

வீடு சரியாகிவிடும் என்றேன்.

"எங்க அக்கா வந்து பாப்பா. அவ சரியில்லைன்னு சொன்னா பிள்ள இங்க வந்திரணும். இல்லைன்னா வக்கீலை வச்சுப் பேசுவேன்."

அக்கா என்றால் பிலோமினா மைனி. இவரைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவர். கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியில் வருவாராம். சரி என்றேன். அவருக்கும் பிள்ளை மேல் அக்கறை இருக்கத்தானே செய்யும்.

நவம்பர் 26, புதன்

சுவர் ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, உள்ளிருந்தே படிகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று போனில் படித்தேன். சமையல் அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, சுவரைத் துடைத்து, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்ட வேண்டும். இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்குப் பின்னால் ஈரமிருந்தால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. முன்னால் ஈரமிருந்தால் அறைக்குள் இருக்கும் காற்றிலிருந்து வருகிறது.

பீரோவுக்குப் பின்னால் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று ஒட்டினேன்.

நவம்பர் 29, சனி

தாளின் முன்பக்கம் முத்து முத்தாக நீர். பிரித்தேன். பின்னால் சுவர் காய்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒழுக்கு இல்லை, குழாய் உடைப்பு இல்லை, யார் மேலும் குற்றம் இல்லை. மூடாமல் வடித்த சோறு, கதவு திறந்துபோட்டு ஊற்றிய வெந்நீர், கயிற்றில் தொங்கிய ஈரத்துணி, நல்லது என்று நினைத்துக் கொதிக்கவிட்ட ஆவி, போதாததற்கு எங்கள் இருவரின் மூச்சு. எல்லாம் போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றி, எங்கே குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே போய்ப் படிந்திருக்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதுபோலத்தான். குளிர் நுழையாமல் நான் அடைத்த துணிதான் ஈரம் வெளியே போகாமல் பிடித்து வைத்திருக்கிறது.

புடவைச் சுருள்களையெல்லாம் உருவினேன். நனைந்து கனத்திருந்தன.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். பள்ளி விடுமுறை. நானும் விடுப்பு எடுத்தேன்.

அடுப்படித் திறப்பிலிருந்த அட்டையை எடுத்துவிட்டேன். குளியலறையிலும் படுக்கையறையிலும் மேலே சின்ன வென்டிலேட்டர்கள் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். மேலே மேலே பெயின்ட் அடித்து ஒட்டிப் போயிருந்தன. ஆல்துரை சாரிடம் சொன்னேன். உளியோடு வந்துவிட்டார். ஸ்டூல் மேல் ஏறிச் சுரண்டிக்கொண்டே,

"இதைத் திறந்தா குளிருமே அம்மா?"

"குளிரட்டும் சார். ஈரம் போகணும்."

"நான் ஈரம்னா மழைதான்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க வீட்டுலயும் வடக்கு ரூம்ல இப்படித்தான் கறுத்துக் கிடக்கு. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறேன்."

"அந்த ரூம்ல என்ன வச்சிருக்கீங்க?"

"துணி காயப்போடுவோம்" என்றார். சொல்லிவிட்டு உளியை நிறுத்தி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வாசல் பக்கத் தாழ்வாரத்தில் கயிறு கட்டிக் கொடுத்தார். கூரை இருக்கிறது, காற்றும் போகும். துணி காய நாளாகும், காயட்டும். அவர் மனைவி பழைய ரூம் ஹீட்டர் ஒன்றைக் கொடுத்தார். வாடகைக்குக் குடியிருப்பவளுக்கு யார் இத்தனை செய்வார்கள்?

டிசம்பர் 7, ஞாயிறு

அமலியை ஆல்துரை சார் வீட்டில் விட்டுவிட்டு, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ப்ளீச்சிங் கரைசலைத் தொட்டுச் சுவர்க் கறுப்பைத் துடைத்தேன். துடைத்த துணிகளை வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். பஞ்சு மெத்தையில் ஒரு பக்கம் உள்ளேவரை கறுத்திருந்தது. மனமில்லாமல் அதையும் தூக்கிப் போட்டேன். பீரோவை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, சுவருக்கும் அதற்கும் நடுவில் கை நுழையும் இடம் விட்டேன். கட்டிலையும் தள்ளிப் போட்டேன்.

இனி வழக்கம் இதுதான்: எழுந்ததும் கண்ணாடியைத் துடைத்து, துணியை வெளியே பிழிய வேண்டும். குளிர்ந்தாலும் எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். மூடி போட்டுச் சமைக்க வேண்டும். ஆவி டாக்டர் சொன்னால் மட்டும். ஹீட்டரை மெல்லிசாக வைத்து அறையை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்.

முதுகு விட்டுப் போயிற்று. ஆனால் வீட்டில் கடைசியாக எனக்கென்று இப்படி ஒரு வேலை செய்தது எப்போது என்று நினைவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வலது பாதிக்கு ஆள் வந்துவிட்டார்கள். தனபால், மேகலா. தாராபுரம் பக்கம். தனபால் தேயிலை லாரி ஓட்டுகிறார். கைக்குழந்தை ஒன்று, இன்னும் தலை நிற்கவில்லை. பேர் வைக்கவில்லையாம், பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

இந்த வாரம் இழுப்பு இல்லை. கண்ணாடியில் ஓரமாக மட்டும் ஈரம்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். அப்பா வருவதாகச் சொன்னார் என்று அமலி வாசலிலேயே நின்றாள். மதியத்துக்குமேல், "வேலை இருந்திருக்கும்" என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். நான் முறுக்கைத் தட்டில் வைத்துத் தனபால் வீட்டுக்கு அனுப்பினேன். மேகலா பச்சரிசிப் பாயசம் கொடுத்தனுப்பினாள். வார்டு நர்ஸ் சாந்தகுமாரி வந்து அமலிக்கு ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தார். அன்றைக்கு டீ கொடுத்தவர் அவர்தான்.

டிசம்பர் பிறந்து இதுவரை அமலி ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இதைவிட வேறென்ன கேட்பேன். கொஞ்ச நேரம் அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

புல்லில் உறைபனி. உப்பு கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. உப்பளத்து ஊரிலிருந்து வந்தவளுக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது.

பால் வாங்கப் போகும்போது மேகலா வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் வீடு நவம்பரில் இருந்த கோலம். தண்ணீர் சரம் சரமாக இறங்குகிறது. ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டி, மேலே இருக்கிற வென்டிலேட்டரையாவது திறந்து வை என்றேன்.

"பாப்பாவுக்குக் காத்து படக்கூடாதுன்னு எங்கத்தை சொல்லியிருக்காங்கக்கா. அதுவுமில்லாம இந்தக் குளிரு எங்களுக்குப் பழக்கமே இல்லீங்க."

"அப்போ எழுந்ததும் கொஞ்ச நேரமாவது கதவத் தொறந்து போடு."

"அது போடறனுங்கக்கா. வெயில் வந்ததும் தொறந்துருவேன்."

உண்மைதான். அவர்கள் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தினமும் பார்க்கிறேன். வெயில் விழுந்து, அவள் கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்து உள்ளே மஞ்சள் தொட்டில் தெரியும். மற்றவர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஜனவரி 10, சனி

பிலோமினா மைனி வந்துவிட்டார். கையில் மக்ரூன் டப்பா, நெத்திலிக் கருவாடு, அமலிக்குப் பச்சைப் பாவாடை. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வாந்தியாம். "மனுசி வாற ஊரா இது" என்றபடி உள்ளே வந்தவர், செருப்பைக் கழற்றிய கையோடு சுவரைத் தடவிப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் சோறு வடித்தேன், மூடி போட்டு.

"ஜன்னலத் தொறந்து வச்சிருக்க?"

"கொஞ்ச நேரம்தான் மைனி. ஈரம் போகணும்."

"ம்" என்றார்.

சாப்பிடும்போது எனக்கு வலது பக்கமாகவே வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கக் காதுதான் எனக்குச் சரியாகக் கேட்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தற்செயலாக இருக்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஜனவரி 12, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மைனியும் அமலியும் நானும் பத்து மணிப் பூசைக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். கேட்டைத் திறக்கும்போது வலது பக்கம் பார்த்தேன். மேகலா வீட்டுக் கண்ணாடி பால் வெள்ளையாக இருந்தது. ஓரத்திலெல்லாம் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

நின்றுவிட்டேன்.

"அடுத்த வீட்டு ஜன்னல்ல என்னத்தப் பாக்க? பூசைக்கு நேரமாச்சு" என்றார் மைனி.

"இந்நேரத்துக்கு அது காஞ்சிருக்கணும் மைனி."

"ஞாயித்துக்கிழமை. தூங்குதாவ போல."

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யார் அவ்வளவு நேரம் தூங்குவார்கள்? வெயில் விழுந்து வெகு நேரம் ஆன கண்ணாடி அப்படி ஓடுகிறதென்றால் இன்னும் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை, உள்ளே மூச்சும் சூடும் அப்படியே அடைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இத்தனை சூடு எங்கிருந்து? அவர்கள் வீட்டில் ஹீட்டர் கிடையாது.

கதவைத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தனபாலின் பைக் வெளியில் நிற்கிறது. வலது காதைக் கதவில் வைத்தேன். பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். மைனிக்கும் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

பூச்செடியைச் சுற்றி வைத்திருந்த செங்கல்லில் ஒன்றைப் பிடுங்கி மைனியே கண்ணாடியில் அடித்தார். இரண்டாவது அடியில் உடைந்தது. வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே தணல் கனன்றது தெரிந்தது.

"புகை வாடையே இல்லையே, ஜெசி?"

"கரிக்குப் புகை இருக்காது மைனி" என்றேன். அறை நடுவில் இரும்புச் சட்டியில் கரித் தணல். மேலே வெந்நீர்ப் பாத்திரம். குழந்தைக்குக் குளிரக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடை கிடையாது. கண்ணுக்கும் தெரியாது. மூடிய அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

கம்பி இல்லாத பழைய ஜன்னல். கையை விட்டு அதன் கொண்டியை எடுத்து ஏறிக் குதித்தேன். கை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து ஜன்னல் வழியாக மைனியிடம் நீட்டினேன். பிறகு கதவைத் திறந்தேன். மேகலா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். எழுந்து வரப் பார்த்திருக்கிறாள். கால் ஒத்துழைக்கவில்லை. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டேன். அமலி ஓடிப்போய் ஆல்துரை சாரைக் கூட்டி வந்துவிட்டாள். ஓடியும் அவளுக்கு இழுக்கவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன், பெற்ற புத்தி. சாரும் நானும் சேர்ந்து தனபாலை இழுத்தோம். சட்டியை வெளியே வீசினார் சார்.

108 வந்தது. வண்டிக்குள் மைனி குழந்தையைத் தன் நெஞ்சில் சாய்த்து, சேலை முந்தானையால் மூடாமல், முகத்தைக் காற்றுக்குக் காட்டிப் பிடித்திருந்தார். "மூச்சு விடு ராசாத்தி, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை வீறிட்டது. மைனி அதற்குப் பிறகுதான் அழுதார்.

ஆக்சிஜன் வைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். தனபாலுக்குத்தான் கொஞ்சம் மோசம். இன்று கண் விழித்துத் தண்ணீர் கேட்டிருக்கிறார். இன்னும் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மேலே சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன்.

கடவுளே, நன்றி. இந்த ஈரத்தோடு மல்லுக்கு நிற்க விட்டதற்கும் சேர்த்து.

ஜனவரி 13, செவ்வாய்

மைனி ஊருக்குக் கிளம்பிவிட்டார். பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவையும் அவர் என் வலது பக்கத்தில்.

"உன் கையில மருந்து போட்டியா?"

"போட்டேன் மைனி."

மைனி டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டு ஜன்னலு எந்நேரமும் சாத்தியே கிடக்கும். வெயில் காலத்துலயும். எங்க வீட்டு மாடியில நின்னா தெரியும். எதுக்குச் சாத்துதன்னு எனக்குத் தெரியும் ஜெசி. உன் இடது காது எப்படிப் போச்சுன்னும் தெரியும். தெரிஞ்சே கேக்காம இருந்துட்டேன். என் தம்பிதானன்னு."

டீ ஆறிவிட்டது என்றேன்.

"ஆறட்டும். முந்தாநேத்து ஒரு ஜன்னலப் பாத்துட்டு நீ அப்படியே நின்னுட்ட. பூசைக்கு நேரமாச்சுன்னு போயிருக்கலாம். நான் அத்தன வருசம் பாத்துட்டு அப்படித்தான் போனேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் இன்னும் செங்கல் சிராய்ப்பு இருந்தது. பிறகு சொன்னார்:

"பிள்ளைக்கு இங்க ஒரு குறையும் இல்லன்னு அவங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். வக்கீலு கிக்கீலுன்னு பேசட்டும், நானே வந்து சாட்சி சொல்லுதேன். நீ எதுக்கு வந்தன்னும் சொல்லுதேன்."

பஸ் வந்தது. வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். "இத வரும்போதே குடுத்திருக்கலாமே" என்று முறைத்தபடி ஏறினார்.

ஜனவரி 18, ஞாயிறு

அவர் போன் செய்தார். அக்காவுக்கு என்ன மருந்து வைத்தாய் என்று கேட்டார். நான், "அமலிகிட்டப் பேசணும்னா ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்க. மத்தது பேசணும்னா பிலோமினா மைனிய வச்சுப் பேசுவோம்" என்றேன். கத்தினார். போனை இடது காதுக்கு மாற்றினேன். பிறகு வைத்துவிட்டேன்.

எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. கத்தினது வெளியே கேட்டிருக்குமோ என்று ஒரு நொடி பதறியது. கேட்டால் கேட்கட்டும்.

ஜனவரி 31, சனி

மேகலாவும் பாப்பாவும் தனபாலும் வந்துவிட்டார்கள். தனபாலுக்கு இன்னும் தலை சுற்றுகிறது, நடை கொஞ்சம் தடுமாறுகிறது. சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆல்துரை சார் அந்தப் பாதியிலும் வென்டிலேட்டர்களையெல்லாம் சுரண்டித் திறந்து, ஹீட்டரும் வாங்கிப் போட்டு, கரிச் சட்டி உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் வீட்டு வடக்கு அறையிலும் ஜன்னல் திறந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். சின்னப் பிள்ளைபோலப் பெருமை.

மேகலா நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் எங்கள் வீட்டுப் பாத்திரத்தை விளக்க ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லப் போனேன். "இருக்கட்டுங்கக்கா, ஏதாச்சும் செய்யாட்டி எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றாள். விட்டுவிட்டேன்.

"அண்ணன் எப்பங்க வருவாங்க?" என்று உள்ளிருந்தே கேட்டாள். வந்த நாளிலிருந்து கேட்கிறாள். நானும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லி வந்தேன்.

"அவர் வர மாட்டார் மேகலா. நான்தான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்" என்றேன்.

குழாய் சத்தம் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அடுத்த வாரத்துக்கு ஒரு நன்றிப் பூசை சொல்லியிருக்கிறேன். இன்று பூசை முடிந்ததும், கோயிலில் பேர் எழுதிக்கொள்ளும் உபதேசியாரிடம் போனேன். பேனாவை எடுத்துக்கொண்டு, "யார் யார் பேரைச் சொல்லணும்?" என்றார்.

அமலி, பிலோமினா, சாந்தகுமாரி என்றேன். ஆல்துரை, தனபால், மேகலா என்றேன். அவர்கள் நம் கோயில் ஆட்கள் இல்லையே என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, எழுதினார். குழந்தையின் பேர் கேட்டார். பேர் வைத்துவிட்டார்களா என்று எனக்கே தெரியவில்லை. 'பாப்பா' என்று எழுதச் சொன்னேன்.

"உங்க பேரு?"

அதை மறந்தே போயிருந்தேன். ஜெசிந்தா என்றேன்.

"என்ன கருத்துக்காகம்மா? பரீட்சையா, வேலையா, சுகமா?"

யோசித்தேன். வீட்டைச் சொல்வதா, ஜன்னலைச் சொல்வதா, மைனி டீக்கடையில் சொன்னதைச் சொல்வதா? எங்கே தொடங்கினாலும் நீளமாகிவிடும். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"நாங்க எல்லாரும் மூச்சு விடுறோம்னு எழுதிக்கிடுங்க" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதினார்.